சவரியாயி குடிக்காத கொயினா

பள்ளிக்கூடக் கூரை காற்றில் பறந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். வாசகர்கள் சிலர் விழுந்து விழுந்து சிரித்ததாகக் கடிதம் போட்டிருக்கிறார்கள். சந்தோஷம். இந்த வாரம் சிரிப்பதற்கு அதிகம் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

விடிந்தும் விடியாத நேரம். பெரட்டுக் களத்தில் அரிக்கேன் விளக்குகள் எரிகின்றன. வேலைக்குப் போகுமுன் ஆட்கள் எல்லோரும் அங்கே வந்து வரிசையில் நிற்க வேண்டும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வரிசையின் தலைமாட்டில் ஒரு மேசை. மேசைமேல் பெரிய ஜாடி நிறையக் கொயினாத் தண்ணீர், மலேரியாக் காய்ச்சல் வராமல் இருக்க.

தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளும் டிரஸ்ஸர் தகரக் குவளையில் அளந்து ஊற்றிக் கொடுப்பார். அவர் கண்ணெதிரில் குடிக்க வேண்டும். குடித்த கையோடு வாயைத் திறந்து தன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். பெயர் வந்தால் மருந்து உள்ளே போய்விட்டது. பெயர் வராவிட்டால் ஆள் மருந்தை வாயில் அடக்கிக்கொண்டு நிற்கிறான், ரப்பர்ப் பால் மரத்து மறைவில் போய்த் துப்பப் போகிறான். அந்தக் கசப்பைக் குடித்தவர்களுக்குத்தான் ஏன் துப்பினார்கள் என்று தெரியும்.

மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெயர்ப் பட்டியலில் கோடு போடுகிறவன் நான்.

சவரியாயி முறை வந்தது. குவளையை வாங்கி அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள். இரண்டு கன்னமும் லேசாக உப்பியிருந்தன. டிரஸ்ஸர் அடுத்த குவளையை நிரப்பக் குனிந்திருந்தார்.

“சவரியாயி!” என்றேன் நான். பட்டியலில் கோடும் போட்டேன். அவள் தலை குனிந்தபடி வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டிரஸ்ஸர் நிமிர்ந்து பார்த்தார். வாத்தியார் அவசரப்படுகிறார் என்று நினைத்திருப்பார். அடுத்த ஆளிடம் குவளையை நீட்டினார். வரிசை நகர்ந்தது.

ஏறக்குறைய நாற்பது வருஷம் ஆகிறது. நான் ஏன் அவள் பெயரைச் சொன்னேன் என்று இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை.

ஊருக்குத்தான் உபதேசம்

மலாயாவில் தெப்ராவ் பக்கத்தில் அந்த ரப்பர்த் தோட்டம். நான் அங்கே தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியார். பள்ளிக்கூடம் என்றால் நாலு தூண், ஒரு அத்தாப்பு ஓலைக் கூரை, அதுவும் பறந்த கதை உங்களுக்குத் தெரியும். காலையில் கொயினாப் பட்டியல், பிறகு பிள்ளைகள், சாயங்காலம் ஆட்களுக்கு ஊர்க் கடுதாசி எழுதிக் கொடுப்பது. இத்தனையும் போதாதென்று நான் உபதேசியாராகவும் இருந்தேன்.

தோட்டத்தில் வேதக்காரக் குடும்பங்கள் கொஞ்சம்தான். ஜொகூர் பாருவிலிருந்து சாமியார் மாதத்துக்கு ஒருமுறை வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளில் செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பிப்பது, பெரிய வெள்ளிக்கு முந்தின தபசுக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை நடத்திப் பிரசங்கம் வைப்பது எல்லாம் என் பொறுப்பு.

வயது இருபத்தாறு. குரல் நன்றாக இருக்கும். அதில் எனக்குக் கர்வம் உண்டு.

என் மனைவி ஞானத்துக்கு என் பிரசங்கங்கள் மேல் பெரிய மரியாதை கிடையாது. ஒரு தபசுக்காலம் தொடங்கும்போது சுருட்டை விடச் சொல்லி ஆண்களுக்குப் பிரமாதமாக எடுத்துச் சொன்னேன். மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்துப் பின்னால் புகை போவதை ஞானம் பார்த்துவிட்டாள். “ஊருக்குத்தான் உபதேசம் போலிருக்கு” என்றாள். அதோடு விட்டிருக்கலாம். லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். அடுத்த வெள்ளி நான் எழுந்து நின்றதும் முன் வரிசையில் முந்தானைக்குள் சிரிப்பு.

டிரஸ்ஸரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலையாளத்துக்காரர். என்னை ‘மாஷே’ என்பார், வாத்தியாரே என்று அர்த்தம். சாமி பூதம் எதிலும் நம்பிக்கை இல்லாத மனுஷர், கொயினாவில் மட்டும் அபார பக்தி. துப்புகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. “தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும் மாஷே. வந்தப்புறம் என் காலப் பிடிப்பாங்க” என்பார். அதற்காகத்தான் இந்தப் பெயர் சொல்லும் ஏற்பாட்டைக் கண்டுபிடித்தார்.

ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிய காலம் அது. காய்ச்சலில் படுத்த ஆள் எப்போது வேண்டுமானாலும் அந்தக் கப்பல் பட்டியலில் சேர்க்கப்படலாம். அதனால் திட்டிக்கொண்டே குடித்தார்கள்.

கசப்பைப் பற்றி ஒரு பிரசங்கம்

அந்த வருஷம் தபசுக்காலத்தின் முதல் வெள்ளி. சிலுவைப்பாதை முடிந்தது. நான் எழுந்து நின்றேன்.

சேசுநாதரைச் சிலுவையில் அறைவதற்கு முன்னால் அவருக்குக் கசப்புக் கலந்த ரசத்தைக் குடிக்கக் கொடுத்தார்கள். நோவு தெரியாமல் இருப்பதற்காகக் கொடுக்கிற மருந்து அது. அவர் நாக்கில் வைத்துப் பார்த்தார், குடிக்க மாட்டேன் என்று விட்டார். ஏன்? நமக்காகப் படும் பாட்டில் ஒரு துளி குறைவதற்குக்கூட அவருக்கு மனசில்லை. அன்பு என்றால் அதுதான். நோகாமல் கொடுப்பது அன்பாகுமா? இந்தத் தபசுக்காலத்தில் நீங்கள் எந்த நோவை, யாருக்காக ஒப்புக்கொடுக்கப் போகிறீர்கள்?

இப்படிக் கேட்டுவிட்டு, சொல்லி வைத்தாற்போல் ஒரு நிமிஷம் பேசாமல் நின்றேன். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஞானம்கூட அன்று சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து வெறும் கஞ்சியை விருந்துபோல் சாப்பிட்டேன்.

பாடுபடுவதைப் பற்றி இவ்வளவு பேசிய எனக்கு அதுவரை வந்த பெரிய நோவு ஒரு பல்வலி.

கசப்பு மருந்து என்று சொன்னபோது என் மனசில் இருந்தது வேத புத்தகம். கேட்டுக்கொண்டிருந்தவர்களின் மனசில் வேறு எது வந்திருக்கும்? தினமும் காலையில் அவர்கள் கைக்கு நீட்டப்பட்ட தகரக் குவளைதான் வந்திருக்கும். ஒரு சின்னப் பிள்ளைக்குத் தெரியும். எனக்குத் தோன்றவில்லை.

பக்கத்து வீடு

சவரியாயி எங்களுக்கு அடுத்த வீடு. லயத்தில் அடுத்த வீடு என்றால் நடுவே ஒரு பலகைத் தடுப்பு, அவ்வளவுதான். அவர்கள் வீட்டில் கருவாடு சுட்டால் எங்கள் வீட்டில் சோறு இறங்கும்.

அவள் பால்வெட்டுக்காரி. புருஷன் மிக்கேல் புகைக் கொட்டகையில் ரப்பர்த் தகடு காயப்போடும் வேலை. அதிகம் பேசாத மனுஷன். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டையும் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. தோட்டத்துக் கல்லறையில் கல் இல்லாமல் இரண்டு சின்ன மேடு. சவரியாயி ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே புல் பிடுங்குவாள்.

எங்கள் மகள் அமலி பிறந்ததும் சவரியாயி பாதி நாள் எங்கள் வீட்டில்தான். வேலை முடிந்து வந்து குளித்த ஈரத்தலையோடு, “எங்க என் சக்களத்தி?” என்று கேட்டுக்கொண்டே நுழைவாள். மிக்கேலுக்கு அமலிமேல் அவ்வளவு பிரியம், அதனால் இந்தக் கேலி. அமலி முதலில் சொன்ன வார்த்தை அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. ‘சவ்வி’.

அந்தப் பிரசங்கம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அமலிக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு வயது. மூன்றாம் நாள் வலிப்பு வந்து கண் செருகியது. டிரஸ்ஸர் பார்த்துவிட்டு, “இங்க வச்சா ஒண்ணும் செய்ய முடியாது மாஷே, இப்பவே பெரிய ஆஸ்பத்திரி” என்றார். ரப்பர் ஏற்றிப் போகும் லாரியில் ஞானம் பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு ஜொகூர் பாருவுக்குப் போனாள். என்னைச் சனி, ஞாயிறு மட்டும் போகவிட்டார்கள். மற்ற நாளெல்லாம் லாரிக்காரன் கொண்டுவரும் சேதிக்காக ரோட்டோரம் நிற்பேன்.

நாளுக்கு நாள் சேதி மோசமாக வந்தது. பிறகு ஒரு நாள் லாரியை நிறுத்திக் கத்தினான்: “வாத்தியாரே, பாப்பா கண்ணு முழிச்சிருச்சாம்! பால் குடிச்சிச்சாம்!”

ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஒரு சந்தேகம்

அன்று மத்தியானம் பிள்ளைகள் போனபிறகு சவரியாயி பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். தூணைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றாள்.

“வாத்தியாரய்யா, ஒரு சந்தேகம் கேக்கணும்.”

“உள்ள வா. என்ன?”

“கொயினாவ வாயில அடக்கி வச்சிக்கிட்டு, குடிச்ச மாதிரி பேர் சொன்னா, அது பொய்யில சேருங்களா? பாவமா?”

நான் சிரித்தேன். “யாரு துப்புறது? மிக்கேலா?”

“நான்தாங்க.” குரலைத் தணித்துக்கொண்டாள். “புள்ளைக்காக ஒப்புக்குடுத்திருக்கேன். பெரிய வெள்ளி வரைக்கும் கொயினா குடிக்கிறதில்லன்னு. சேசு அத குடிக்கலல்ல, நீங்கதான சொன்னீங்க. நாலு நாளாச்சு. பேர் சொல்லும்போது கொஞ்சம் உள்ள போயிருது. பொய்யும் சொன்ன மாதிரி ஆவுது. ஒப்புக்குடுத்தது அழுக்காயிரும்ல, அதான் கேட்டேன்.”

நாலு நாள். விரல் விட்டு எண்ணினேன். மூன்றாம் நாள்வரை சேதி மோசம். நாலாம் நாள் அமலி கண் விழித்துவிட்டாள்.

அடி பைத்தியக்காரி, அது நோவு மறக்கக் கொடுத்த மருந்து, இது உயிர் காக்கிற மருந்து, இரண்டும் ஒன்றா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் உள்ள சம்பந்தத்தைக் கரும்பலகையில் படம் போட்டுப் பாடம் நடத்துகிறவன் நான். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு தடவை காய்ச்சல் வந்து வயிற்றில் கட்டி இருப்பதும் எனக்குத் தெரியும். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும், மறுநாளே குடித்துவிடுவாள்.

என் பிள்ளை பால் குடித்திருக்கிறாள். இதைக் கலைத்து அது நின்றுவிட்டால்?

“நீ பேர் சொல்ல வேணாம் சவரியாயி” என்றேன். “ஒன் பேர நான் சொல்லிடறேன். அப்ப பொய்யும் இல்ல, பாவமும் இல்ல.”

அவள் முகம் மலர்ந்துவிட்டது. “நீங்க நல்லா இருக்கணும்ய்யா” என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

மறுநாளிலிருந்து அவள் பெயரை நான் சொன்னேன். ஒரு நாள்கூட டிரஸ்ஸர் எங்களைப் பிடிக்கவில்லை. வாத்தியார், அதிலும் உபதேசியார், திருட்டுத்தனம் செய்வார் என்று யாருக்குத் தோன்றும்?

பெரிய வாரம்

குருத்து ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு அமலி வீட்டுக்கு வந்தாள். இனிப் பயமில்லை, ஊசி மருந்தில் குணமாகிவிட்டது, தினம் கொயினா கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சவரியாயி லாரியிலிருந்தே பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அவள் கை சுட்டது என்று ஞானம் அன்று ராத்திரி என்னிடம் சொன்னாள். வெயிலில் நின்றிருப்பாள் என்றேன்.

அதற்குப் பிறகு அவள் சாயங்காலங்களில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். கேட்டால், தபசுக்காலத்து ஒருசந்தி நோன்பு, அதனால் உடம்பு தளர்ச்சி என்பாள். வேலைக்கு மட்டும் நிற்கவில்லை. பெரிய வாரத்துப் புதன்கிழமை, பால் நிறைந்த வாளியோடு மரத்தடியில் விழுந்துவிட்டாள். நாலு பேர் தூக்கிவந்து தோட்டத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் போட்டார்கள்.

டிரஸ்ஸர் என் பட்டியலை வாங்கிப் புரட்டினார். திரும்பத் திரும்பப் புரட்டினார்.

“எல்லா நாளும் கோடு இருக்கே மாஷே. ஒரு நாள் விடாம குடிச்சவளுக்கு இப்படி வருமா? என் மருந்துலதான் தண்ணி கூடிப்போச்சா?”

நான் பட்டியலைத் திரும்ப வாங்கி மூடி வைத்தேன். அந்த மனுஷர் ஜாடியை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கொயினாவைக் கரைத்து வாயில் ஊற்றினார்கள். நினைவு தப்பிய நிலையிலும் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஊசியும் போட்டுப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் நினைவு வந்தது. மிக்கேல் தலைமாட்டில் இருந்தான், நான் வாசற்படியில்.

“மூணு மணி ஆயிருச்சா?” என்று கேட்டாள்.

ஆகிவிட்டது என்றான் மிக்கேல். பெரிய வெள்ளியன்று சேசுநாதர் உயிர்விட்ட நேரம் அது.

“அப்ப குடுங்க, குடிக்கிறேன்” என்றாள்.

மிக்கேலுக்கு ஒன்றும் புரியவில்லை. டிரஸ்ஸர் ஓடிவந்து குவளையை நீட்டினார். முகம் சுளித்து முழுவதும் குடித்தாள். குடித்துவிட்டு, பெரட்டில் நிற்கும் பழக்கத்தில், வாயைத் திறந்து “சவரியாயி” என்றாள்.

சாக வேண்டும் என்று அவள் நேர்ந்துகொள்ளவே இல்லை. பெரிய வெள்ளி முடிந்து, பாஸ்கா கொண்டாடி, அமலியை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். சனிக்கிழமை காலை இறந்துபோனாள். பெரிய வாரம் என்பதால் சாமியாரைக் கூட்டிவரவும் முடியவில்லை. பிள்ளைகளின் மேட்டுக்குப் பக்கத்தில் புதைத்தோம். செபம் சொன்னவன் நான்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். என் தலைக்கு வந்தது அவள் தலையோடு போயிற்று.

சொல்லாமல் விட்டது

மிக்கேல் அந்த வருஷமே தோட்டத்துக் கணக்கிலிருந்து பேர் வெட்டிக்கொண்டு பெக்கான் நானாஸ் பக்கம் அன்னாசித் தோட்ட வேலைக்குப் போய்விட்டான். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “கூடப் பொறந்தவன் மாதிரி கூடவே இருந்தீங்க வாத்தியாரே” என்றான். நான் தலையாட்டினேன்.

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஒருத்தி மருந்து குடிக்காமல் இருந்தது தெரிந்தும் சும்மா இருந்துவிட்டேன் என்று சொன்னேன். அறியாமையில் செய்தது என்று அவர் ஆறுதல் சொல்லி அனுப்பினார். அறியாமை என்று அவர் நினைக்கும்படிதான் நான் சொல்லியிருந்தேன். அடுத்த தபசுக்காலத்தில், தொண்டை சரியில்லை என்று காரணம் சொல்லிப் பிரசங்கத்தை விட்டேன். அதற்குப் பிறகு வைக்கவே இல்லை.

தியாகம் செய்தவர்களைப் பற்றி எத்தனையோ பேசுகிறோம். அதை வாங்கிக்கொண்டவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பாடுகளுக்கு முந்தின இரவு சேசுநாதரே தரையில் விழுந்து, இது என்னை விட்டுப் போகக் கூடாதா என்று கெஞ்சினார். அந்த இடத்தை நான் பிரசங்கத்தில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் அவளுக்கும் கெஞ்சத் தைரியம் வந்திருக்கும் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதுவும் பொய். அவள் கேட்டாள்.

அமலி வீட்டுக்கு வந்த அந்த ஞாயிறு, பிள்ளையைத் தோளில் தூங்கப் போட்டுக்கொண்டே கேட்டாள். “புள்ளைக்குத்தான் நல்லாயிருச்சே வாத்தியாரய்யா. எனக்கு ஒடம்பு முடியல. விட்டுரட்டுமா?”

நேர்ச்சையை விட்டுவிட அவளுக்கு உத்தரவு கொடுக்க அங்கே நான் ஒருவன்தான் இருந்தேன். அவள் கண் பழுத்திருந்ததைப் பார்த்தேன். தோளில் தூங்கும் என் பிள்ளையையும் பார்த்தேன்.

“இன்னும் பன்னெண்டு நாள்தான சவரியாயி” என்றேன். “நேந்துக்கிட்டத பாதியில விடக்கூடாது.”

“சரிங்கய்யா” என்றாள்.

கண்ணில் புரை விழுந்தபிறகு நான் சொல்லச் சொல்ல இந்தத் தொடரை எழுதித் தருகிறவள் அமலி. அடுத்த வீட்டுச் சவ்வி காய்ச்சலில் செத்துப்போனாள் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். இந்த இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. எழுந்து உள்ளே போனாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வெகு நேரம் கழித்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அப்புறம்?” என்றாள்.

“அப்புறம் நீ வளந்தம்மா” என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டாள்.